மூடு, இழு, ஒட்டுதா?

அந்தக் கர்ச்சீப்பை எடுத்துருங்க சார். பக்கத்து சீட்டுக்காரன் அதிகாரம் பண்றானேன்னு தப்பா நினைக்காதீங்க. எடுத்துருங்க. ரோட்டுல வேலை நடக்குது, தூசி பறக்குது, நீங்க மூக்கைக் கட்டிக்கிட்டீங்க, சரி. ஆனா அதால ஒரு புண்ணியமும் இல்ல. பெரிய தூசியை நிறுத்தும், பொடித் தூசி உள்ள போயிடும். புகைன்னா கேக்கவே வேணாம். கட்டியிருக்கோம்னு ஒரு தைரியம் வரும் பாருங்க, அதுதான் ஆளைக் கவுக்கறது. கட்டாதவன் கையால மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடிருவான். கட்டினவன் நின்னுக்கிட்டிருப்பான்.

நான் சும்மா சொல்லலை. எனக்குத் தொழிலே இதுதான். சேஃப்டி ட்ரெய்னர். பேரு சச்சிதானந்தம். சச்சி சார்னு கேட்டீங்கன்னா இந்த வேலூர் ரோட்டுல பாதிக் கம்பெனியில தெரியும். தெரிஞ்சுது. இப்போ எப்படியோ.

முன்ன பாய்லர், கிரேன்னு எடுத்துக்கிட்டிருந்தேன். கொஞ்ச வருஷமா விஷக்கழிவு. ஃபேக்டரிங்கள்ல மிச்சம் விழுது இல்ல சார், ஆசிட்டு, கசடு, சாயத்தண்ணி காஞ்ச பொடி, அதெல்லாம் பேரல்ல அடைச்சு ஒரு இடத்துக்கு லாரியில வரும். அங்க பிரிச்சுப் பாத்து, சுண்ணாம்பு சிமெண்ட்டுன்னு கலந்து, பிளாஸ்டிக் ஷீட் விரிச்ச பெரிய பள்ளத்துல போட்டு மூடுவாங்க. அந்த வேலை செய்யறவங்களுக்குப் பாடம் எடுக்கறது நான். எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது, எதை எப்படி மாட்டணும். அவ்வளவுதான் என் வேலை. அவங்க போய் என்ன பண்றாங்கன்னு வீடு வீடாப் போய்ப் பாக்கறது என் வேலை இல்ல.

இன்னைக்கு எங்க போறேன் தெரியுமா? விசாரணைக்கு. சிரிக்காதீங்க. பாடம் சொல்லிக்குடுத்தவனைக் கூப்பிட்டு விசாரிக்கறாங்க. ஒருத்தன் பரிட்சையில ஃபெயிலானா வாத்தியாரையா ஜெயில்ல போடறாங்க? சொல்லுங்க. வயிறு எரியுது சார் எனக்கு.

தணிகாசலம்னு ஒருத்தன். அந்தக் கழிவு போடற இடத்துல காண்ட்ராக்ட் ஆளு. நாப்பது வயசு இருக்கும். அவன்தான் இப்போ ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைஞ்சுக்கிட்டிருக்கான். நுரையீரல் வெந்துபோச்சு. வெந்துபோச்சுன்னு டாக்டரே சொன்னாரு, நான் கூட்டிச் சொல்லலை. நாலு படி ஏறினா உக்காந்துக்கறான். அவன் மேல எனக்குக் கோபம் இல்லைன்னு நினைக்காதீங்க. இருக்கு. நிறைய இருக்கு. ஆனா ஒண்ணு சொல்றேன், இவனை மாதிரி ஒரு ஸ்டூடண்ட் எனக்குக் கிடைச்சதில்ல. அதனாலதான் கோபமே.

அந்த ட்ரெய்னிங் நாளைச் சொல்றேன், அப்போ உங்களுக்குப் புரியும். முறையாப் பாத்தா அது நாள்கணக்கா எடுக்க வேண்டிய பாடம். மேனேஜர் என்ன சொன்னாரு? "சச்சி சார், மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள முடிச்சிருங்க, லாரி நிக்குது"ன்னாரு. பேனர் ரெடியா இருந்துச்சு. பேனருக்கு முன்னாடி எல்லாரையும் நிக்கவெச்சு முதல்ல போட்டோ எடுத்தாச்சு. பாடம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே சார். இந்தக் கம்பெனிக்காரனுங்களுக்கு போட்டோ வந்தா பாடம் முடிஞ்சுது.

தகர ஷெட்டு. அனல். நான் ஸ்லைடு போட்டு ஆரம்பிச்சேன். ரெண்டாவது ஸ்லைடுல கரண்ட் போச்சு. ஜெனரேட்டர் போடுங்கய்யான்னா, டீசல் பம்புக்கு மட்டும்தான்னுட்டாங்க. வேற எவனா இருந்தா மூட்டையைக் கட்டியிருப்பான். நான் விடலை. கம்ப்யூட்டரை மூடிவெச்சுட்டு வாயாலயே நடத்தினேன். பாட்டு, கிண்டல், கைதட்டு எல்லாம். அதுக்கெல்லாம் தனியா ஒரு திறமை வேணும் சார். இங்கிலீஷ்ல புக்கு படிச்சவன் ஆயிரம் பேரு இருக்கான். கூலிக்காரன் நடுவுல நின்னு அவனைத் தூங்கவிடாம மூணு மணி நேரம் உக்காரவெக்கறவன் எத்தனை பேரு?

இப்போ மாஸ்க்குன்னா, ஆஸ்பத்திரியில கட்டற துணி இல்ல சார். ரப்பர். மூக்கு, வாய், தாடை எல்லாம் மூடும். ரெண்டு கன்னத்துப் பக்கமும் வட்டமா ஒவ்வொரு டப்பா இருக்கும். உள்ள கரி. அந்தக் கரிதான் விஷத்தைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு நல்ல காத்தை விடும். மாஸ்க்கை மாட்டினதும் ரெண்டு உள்ளங்கையாலயும் அந்த டப்பாவை மூடணும். மூடி, மூச்சை உள்ள இழுக்கணும். இழுத்தா ரப்பர் மூஞ்சியோட ஒட்டணும். ஒட்டலைன்னா எங்கயோ இடுக்கு இருக்கு, கழட்டி மறுபடி மாட்டுன்னு அர்த்தம். இதை நீங்க சாதாரணமாச் சொன்னா எவனும் கேக்கமாட்டான். நான் எப்படிச் சொன்னேன்?

"மூடு! இழு! ஒட்டுதா?"

அவங்க எல்லாரும் சேந்து, "ஒட்டுதே!"

ஷெட்டே அதிரும் சார். இந்தத் தணிகாசலம் முன்வரிசை. அவன் குரல்தான் எல்லாத்துக்கும் மேல. கண்ணை எடுக்காம என்னையே பாத்துக்கிட்டு, ரெண்டு கையையும் கன்னத்துல வெச்சு, "ஒட்டுதே!" அன்னியிலருந்து என்னை எங்க பாத்தாலும் அவன் வணக்கம் சொல்லமாட்டான். ரெண்டு கையையும் கன்னத்துக்குக் கொண்டுபோய், ஒரு இழு இழுத்துக் காட்டுவான். நானும் பதிலுக்குக் காட்டுவேன். எங்களுக்குள்ள ஒரு விளையாட்டு.

அன்னைக்கு நான் ஒரு வார்த்தை சொன்னேன். எங்க போனாலும் சொல்ற வார்த்தைதான், எங்க சொன்னாலும் கைதட்டு விழும். மாஸ்க்கைக் கையில தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, "இது ரப்பர் இல்லடா. இதுதான் உங்க சாமி. வீட்ல சாமி படத்தை எப்படி வெச்சிருக்கீங்க? அழுக்கு சேரவிடுவீங்களா? தூசி தும்பு படவிடுவீங்களா? இதையும் அப்படித்தான் வெச்சுக்கணும். சாமி மாதிரி சுத்தமா வெச்சுக்கணும்"னேன். கைதட்டு நிக்கவே ஒரு நிமிஷம் ஆச்சு. மேஸ்திரி கோதண்டம் இருக்கானே, அந்தக் காண்ட்ராக்ட்டோட ஆளு, அவன் எழுந்திரிச்சு நின்னு விசிலடிச்சான். அதுக்குள்ள பிரியாணிப் பொட்டலம் வந்துருச்சு. எல்லாம் கலைஞ்சுட்டாங்க.

இன்னும் நாலு ஸ்லைடுதான் பாக்கி. பராமரிப்புன்னு ஒரு பகுதி. பிரியாணி வந்தப்புறம் எவன் சார் உக்காருவான்? பென்டிரைவ்ல போட்டு மேனேஜர் கையில குடுத்துட்டேன். கரண்ட் வந்ததும் போட்டுக் காட்டுங்கன்னு சொல்லித்தான் குடுத்தேன். அப்போ என் கடமை முடிஞ்சுதா இல்லையா?

என்ன கேட்டீங்க? அந்த நாலு ஸ்லைடுல என்ன இருந்துச்சா? அதான் சார், வழக்கமா இருக்கறது. காத்துப் படாம உறையில போட்டு வெக்கணும், தண்ணி படக்கூடாது, வாடை உள்ள வந்தா டப்பாவை மாத்தணும். எல்லாம் இருக்கு. எழுத்துல இருக்கு. சொல்லலைன்னு எவனும் சொல்லமுடியாது.

கடலை வேணுமா? எடுத்துக்கோங்க. வாலாஜாவுல வாங்கினது, நல்லா வறுத்திருக்கான்.

அப்புறம் ஆயுத பூஜை வந்துச்சு. பூஜைக்கு என்னைச் சிறப்பு விருந்தாளியாக் கூப்பிட்டாங்க. மேனேஜர் இல்ல, இந்தக் கூலி ஆளுங்க கூப்பிட்டாங்க. தணிகாசலம் போன் பண்ணி, "சார், நீங்க வந்துதான் கற்பூரம் காட்டணும்"னான். எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. எத்தனை கம்பெனிக்குப் போயிருக்கேன், ஒரு டீ குடுத்து அனுப்புவான். இவங்க என்னைக் கற்பூரம் காட்டக் கூப்பிடறாங்க.

நல்ல வேட்டி கட்டிக்கிட்டுக் காலையிலயே போயிட்டேன். சைட்டே வேற மாதிரி இருந்துச்சு. மண்வெட்டி, பாரை, பேரல் தள்ளுற வண்டி, பம்பு, எல்லாத்தையும் கழுவி சந்தனம் குங்குமம் வெச்சிருக்காங்க. வாசல்ல வாழைமரம். ஷெட்டு ஓரமா ரெண்டு பெரிய அண்டா. சோப்புத்தூள் நுரை பொங்குது. பொம்பளைங்க நாலு பேரு உக்காந்துக்கிட்டு நாரால தேய்ச்சுக்கிட்டிருக்காங்க. கொடியில மாஸ்க்கெல்லாம் வரிசையாத் தொங்குது, சொட்டு சொட்டா. வெயில்ல கண்ணாடி மாதிரி மின்னுது. உலகத்துல எந்த சைட்லயும் மாஸ்க்குக்கு இப்படி ஒரு மரியாதை நான் பாத்ததில்ல சார். மத்த இடத்துல அதை ஆணியில மாட்டிவெச்சிருப்பான், உள்ள பல்லி முட்டையிட்டிருக்கும்.

"பாத்தீங்களா சார், சாமி மாதிரி வெச்சிருக்கோம்"னு தணிகாசலம் சொன்னான். தோளைத் தட்டிக்குடுத்தேன். தட்டமாட்டீங்களா நீங்க?

அப்புறம் வாழையிலை போட்டு, பொரி, கடலை, ஆப்பிள், நடுவுல மாஸ்க்கு எல்லாத்தையும் அடுக்கி, ஒவ்வொரு டப்பா மேலயும் குழைச்ச சந்தனம் அப்பி, அதுக்கு நடுவுல குங்குமம். நான் கற்பூரம் காட்டினேன். பூசணிக்காய் சுத்தி உடைச்சோம். நானே ஒரு போட்டோ எடுத்து, "பாதுகாப்பே தெய்வம்"னு எழுதி வாட்ஸ்அப்ல ஸ்டேட்டஸ் போட்டேன். எத்தனை பேரு பாராட்டினாங்க! அதை வெச்சே இன்னொரு கம்பெனி ட்ரெய்னிங்குக்குக் கூப்பிட்டான். இப்போ அந்த போட்டோவைத்தான் விசாரணை நோட்டீஸோட சேத்து அனுப்பி, "நீங்க அங்கதானே இருந்தீங்க?"ங்கறாங்க. இருந்தேன். இருந்தா? பூஜைக்கு வந்தவன் சாமியைக் கும்பிடுவானா, டப்பாவைப் பிரிச்சுப் பாப்பானா? நான் கற்பூரம் காட்டறப்போ எல்லாம் காஞ்சிருந்துச்சு. காஞ்சதைப் பாத்து, இது நனைஞ்சதுன்னு எவனால சார் சொல்லமுடியும்?

லீவு முடிஞ்சு வேலை ஆரம்பிச்ச அன்னைக்கு ஒரு லாரி வந்துருக்கு. பேரல் மேல ஒட்டியிருந்த சீட்டு ஒண்ணு, உள்ள இருந்தது ஒண்ணு. எந்தக் கம்பெனிக்காரன் அனுப்பினானோ. இறக்கறப்போ ஒரு பேரல் சாஞ்சு, மூடி கழண்டு, ஆசிட் புகை கிளம்பிருச்சு. ஷெட்டு ரொம்பிருச்சு. மாஸ்க்கு மாட்டாதவன் எல்லாம் என்ன பண்ணினான்? துண்டால மூக்கைப் பொத்திக்கிட்டு வெளிய ஓடினான். கோதண்டம்தான் முதல் ஆளு. விசிலடிச்சவன். பூஜையப்போ மாஸ்க்கைக் கண்ணுல ஒத்திக்கிட்டவன். அன்னைக்கு அவன் மாஸ்க்கு எங்க? சாமி படத்துக்கிட்ட, இலையில. அவனுக்கு ஒண்ணும் ஆகலை சார். ரெண்டு நாள் தொண்டை கரகரன்னு இருந்துச்சு, அவ்வளவுதான்.

தணிகாசலம் மாஸ்க்கை மாட்டினான். நான் சொன்ன மாதிரியே மாட்டினான். அவ்வளவு களேபரத்துலயும் வாசல்ல நின்னு, ரெண்டு கையாலயும் மூடி, இழுத்து, ஒட்டுதான்னு பாத்துட்டுத்தான் உள்ள போயிருக்கான். பாத்தவங்க சொன்னாங்க. உள்ள போய், சாஞ்ச பேரலைத் தனியா நிமித்தி, மூடியைத் திருகி, மண்ணை அள்ளிக் கொட்டி, எல்லாம் முடிச்சுட்டு வெளிய வந்திருக்கான். மூச்சு விடக் கஷ்டமா இருந்துச்சாம். நல்லா ஒட்டியிருக்கு, அதான் டைட்டா இருக்குன்னு நினைச்சானாம். டீ கூடக் குடிச்சிருக்கான். சாயங்காலம் வீட்ல மூச்சு முட்டி விழுந்துட்டான்.

அப்புறம் ஒரு அதிகாரி வந்து அந்த டப்பாவை வாங்கி ரெண்டாப் பொளந்து பாத்தாரு. உள்ள கரியெல்லாம் சோப்புத்தூளோட சேந்து கட்டி கட்டியா இறுகிப்போயிருக்கு. பாதி அடைச்சுக்கிட்டு, மீதி சும்மா ஓட்டையாட்டம் நிக்குது. தண்ணி பட்டா கரி செத்துப்போச்சு சார். அந்த டப்பா மாஸ்க்கே இல்ல, வெறும் மூடி. அது இல்லாம இருந்திருந்தா இவனும் ஓடியிருப்பான். நல்லா இருந்திருப்பான்.

இதுக்கு நான் என்ன சார் பண்ணுவேன்? ஊர் உலகத்துல எவனாவது கரியைத் தண்ணியில கழுவுவானா? கொஞ்சமாவது யோசிக்க வேணாமா? சுத்தமா வெச்சுக்கோன்னா, துணியால துடைச்சு வெச்சுக்கோன்னு அர்த்தம். அண்டாவுல போட்டு ஊறவெக்கச் சொன்னேனா? சாமின்னு சொன்னேன். சொன்னா, உடனே அபிஷேகம் பண்ணிடறதா?

மேனேஜர் இருக்காரே, அந்த மனுஷனைப் பத்தியும் சொல்லணும். மொதல்ல என்ன சொன்னாரு? "ட்ரெய்னர் சொல்லிக்குடுக்கலை"ன்னாரு. எனக்கு ரத்தம் கொதிச்சுது. பென்டிரைவ் எங்கய்யான்னு கேட்டேன். மேஜை டிராயர்லயே கிடக்குது, போட்டே பாக்கலை. அப்புறம் வக்கீல் ஏதோ சொல்லியிருக்கான். உடனே குரல் மாறிருச்சு. நேத்து போன் பண்ணி, "சச்சி சார், நீங்க சொல்லிக்குடுத்தீங்கதானே? தண்ணி படக்கூடாதுன்னு சொன்னீங்கதானே? அதை மட்டும் சொல்லுங்க. சொல்லிக்குடுத்தும் அவன் கழுவினான்னா அது அவன் தப்பு. கம்பெனி மேலயும் வராது, உங்க மேலயும் வராது"ன்னாரு.

புரியுதா சார்? நான் சொன்னேன்னா, தணிகாசலத்துக்கு நஷ்டஈடுன்னு பெரிசா ஒண்ணும் வராது. வைத்தியமும் கம்பெனி பாக்காது. சொல்லலைன்னா, நான் தொலைஞ்சேன். எந்தக் கம்பெனியும் என்னை உள்ள விடமாட்டான். இந்த வயசுல நான் போய் எங்க நிக்கறது? ஆனா நான் பொய் சொல்லப்போறதில்ல. ஸ்லைடுல இருக்கு. ஸ்லைடுல இருந்தா சொன்ன மாதிரிதானே?

அவனை ஆஸ்பத்திரியில போய்ப் பாத்தேன். பாக்காம இருக்கற ஆளு இல்ல நான். ஹார்லிக்ஸ், சாத்துக்குடி எல்லாம் வாங்கிக்கிட்டுப் போனேன். மூக்குல குழாய் வெச்சிருந்தாங்க. என்னைப் பாத்ததும் கையைத் தூக்கிக் கன்னத்துக்குக் கொண்டுபோனான். நர்ஸம்மா திட்டி இறக்கிவிட்டாங்க.

என்கிட்ட என்ன சொன்னான் தெரியுமா? "சார், உங்களுக்குக் கெட்ட பேரு வந்துருச்சாமே. மன்னிச்சிருங்க சார்"னான். நல்லா இருக்கறவன் சொன்னாலே தாங்காது. குழாய் வெச்சவன் சொல்றான். எனக்குக் கோபம்தான் வந்துச்சு. என்னத்துக்குடா என்கிட்ட மன்னிப்புக் கேக்கறே, உன்னை எவன் உள்ள போகச்சொன்னான்னு கத்தணும் போல இருந்துச்சு. கத்தலை.

அப்புறம் மெதுவா, ஒவ்வொரு வார்த்தையா மூச்சு வாங்கி வாங்கிக் கேக்கறான். "சார், டப்பா நனையக்கூடாதுன்னு நீங்க சொன்னதா மேனேஜர் சொல்றாரு. என்னைக்கு சார் சொன்னீங்க? நானும் படுத்துக்கிட்டே யோசிச்சுப் பாக்கறேன். முன்னாடிதான் உக்காந்திருந்தேன். மூடு இழு ஞாபகம் இருக்கு. பேரல்ல கை வெக்கறதுக்கு முன்னாடி சீட்டைப் படிக்கச் சொன்னது ஞாபகம் இருக்கு. கண்ணுல பட்டா கால் மணி நேரம் தண்ணி ஊத்தச் சொன்னது இருக்கு. இது மட்டும் வரமாட்டேங்குது. அந்தப் புகை பட்டதுல எனக்கு மறதி வந்துருச்சா சார்?"

நான் என்ன சார் சொல்லமுடியும்? சொல்லுங்க. வாயைத் திறந்து ஏதாவது சொல்லணும் இல்ல? "ஆமாடா. அந்தப் புகைக்கு அப்படி ஆகும்"னேன்.

அப்படிப் பாக்காதீங்க சார். ஒரு நோயாளிக்கு ஆறுதலாச் சொன்னேன். நீ கவலைப்படாதே, மறதி சகஜம்தான்னேன். அவனும் தலையை ஆட்டிக்கிட்டான். "அப்படித்தான் இருக்கும் சார். நீங்க சொல்லாம இருப்பீங்களா?"ன்னான். அவன் வாயால சொன்னான் சார். நான் சொல்லவெக்கலை. நீங்க சொல்லாம இருப்பீங்களான்னு அவனேதான் கேட்டான். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?

ஆனா அவன் பொண்டாட்டி இருக்காளே, சம்பூர்ணம். ஷூ கம்பெனியில தையல் மெஷின்ல உக்காருறவ. பேசவே மாட்டா. கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்னு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டிருந்தா. நான் கிளம்பினதும் பின்னாடியே மாடிப்படி வரைக்கும் வந்தா. வழியனுப்ப வர்றாளேன்னு நினைச்சேன்.

"சார், ஒரு நிமிஷம்"னா. "உங்க பாடத்தை இவரு தினம் வீட்ல எங்களுக்கு நடத்துவாரு. சோறு போடறப்போ, தூங்கப் போறப்போ, எந்நேரமும் அதே பேச்சு. என் பையன் தூக்கத்துல கூட மூடு இழுன்னு சொல்லுவான். எனக்கே எல்லாம் மனப்பாடம். அதுல தண்ணின்னு ஒரு வார்த்தை, கண்ணுல ஊத்தறதுக்கு மட்டும்தான் சார் வந்துச்சு. இவருக்குப் புகை பட்டுச்சு, மறந்துருச்சு. எனக்கு எப்படி சார் மறந்துச்சு?"

என்ன திமிரு பாருங்க. அவ்வளவு பேரு போறாங்க வர்றாங்க, படியில நிறுத்திவெச்சு என்னைக் கேள்வி கேக்கறா. குரலைக் கூட உசத்தலை. உசத்தியிருந்தா நானும் உசத்தியிருப்பேன். "உனக்கென்னம்மா தெரியும், நீயா கிளாஸ்ல இருந்தே?"ன்னு சொல்லிட்டு விறுவிறுன்னு இறங்கிட்டேன்.

அதோட விட்டாளா? மறதின்னு நான் சொன்னேன் இல்ல, அதை டாக்டர்கிட்ட சொல்லி, அவனுக்குத் தலையை ஸ்கேன் எடுக்கவெச்சிருக்கா. மூளை நல்லா இருக்கு, ஒரு குறையும் இல்லைன்னு வந்திருக்கு. இன்னைக்குக் காலையில நான் பஸ் ஏறறப்போ அவன் போன் பண்றான். "சார், தலையில ஒண்ணும் இல்லையாம் சார். அப்போ எனக்கு ஏன் சார் ஞாபகம் வரலை?"ங்கறான். மூச்சு விடறதுக்கே முடியலை, அதுக்கு நடுவுல இந்தக் கேள்வி. "சிக்னல் இல்லப்பா"ன்னு வெச்சுட்டேன். மறுபடி அடிச்சான். எடுக்கலை. அப்புறம் வாய்ஸ் மெசேஜ் போட்டிருக்கான். போடவா? வேணாம், பஸ்ல எல்லாரும் கேப்பாங்க. "சார், நீங்க பயப்படாதீங்க. விசாரணையில நீங்க சொன்னீங்கன்னுதான் சொல்லுவேன். ஞாபகம் இல்லாட்டியும் சொல்லிடறேன்"னு.

நான் பயப்படறேனா? யாரு பயப்படறா? இவனுக்காகத் தொண்டைத்தண்ணி வத்தக் கத்தினவன் நான். கரண்ட் இல்லாத ஷெட்டுல, வேர்வை ஊத்த ஊத்த. கம்பெனிக்காரன் ஒழுங்கா நாள் குடுத்திருந்தா, ஜெனரேட்டருக்கு டீசல் ஊத்தியிருந்தா, அந்தப் பிரியாணிக்காரன் அரை மணி லேட்டா வந்திருந்தா, அந்த நாலு ஸ்லைடும் முடிஞ்சிருக்கும். அவங்களையெல்லாம் எவன் கேக்கறான்? அந்த அதிகாரி என்னைத்தான் கேக்கப்போறாரு. நான் ஒரே வார்த்தையில சொல்லிட்டு வந்துருவேன். சொன்னேன். அவ்வளவுதான். தணிகாசலமும் ஆமாம்பான். முடிஞ்சுது. கம்பெனியில அவனுக்கு ஏதாவது வாட்ச்மேன் வேலை போட்டுக்குடுக்கச் சொல்லி நானே மேனேஜர்கிட்ட பேசப்போறேன், பாத்துக்கோங்க. என்னை மாதிரி யாரு பேசுவா?

அவ மட்டும் வாயைத் திறக்காம இருக்கணும். கூட்டத்துல பேசற ஆளு இல்ல அவ. பேசமாட்டா. பேசுவாளா? நீங்க என்ன நினைக்கறீங்க?

ஸ்டாப்பு வந்துருச்சு போல. ஆமா, அந்த மஞ்ச பில்டிங்லதான் விசாரணை. அதோ பாருங்க சார், வாசப்படியில போர்வையைப் போத்திக்கிட்டு உக்காந்திருக்கான் பாருங்க, அவன்தான். எப்படி இளைச்சுட்டான்! மூட்டையைத் தலைக்கு மேல தூக்கிப் போட்டவன் சார். பக்கத்துல தூணைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறவ சம்பூர்ணம். ரெண்டு பேரும் பஸ்ஸைத்தான் பாக்கறாங்க. இதுலதான் வருவேன்னு தெரியும் அவங்களுக்கு.

பாத்துட்டான். ஜன்னல்ல என்னைப் பாத்துட்டான். எழுந்திரிக்கறான் சார். எதுக்கு எழுந்திரிக்கறான் இப்போ? உக்காருடா. கையைத் தூக்கறான். வேணாம்டா. கன்னத்துக்குக் கொண்டுபோறான் பாருங்க, மாஸ்க்கு இல்லாம, சும்மா மூஞ்சியில. சிரிச்சுக்கிட்டே மூடறான். டேய், இழுக்காதே. இழுக்காதடா. ஐயோ, முடியலை சார் அவனுக்கு. குனிஞ்சுட்டான். அவ முதுகைத் தடவிவிடறா. தடவிக்கிட்டே நிமிந்து இங்கதான் பாக்கறா.

என்ன கண்டக்டர்? தெரியுதுப்பா, என் ஸ்டாப்தான். இறங்கலை. அடுத்த ஸ்டாப்புல இறங்கி நடந்து வந்துக்கறேன். டிக்கெட் எக்ஸ்ட்ரா ஆனா போட்டுக்க. விசிலை ஊது முதல்ல.

சார், அந்தக் கர்ச்சீப்பைக் கொஞ்சம் குடுங்க. இல்ல இல்ல, தூசி. ஜன்னல் பக்கம் தூசி ஜாஸ்தியா இருக்கு. மூஞ்சியில கட்டிக்கறேன், பஸ் கிளம்பற வரைக்கும்.